பொறியியல் பெண்களுக்கு ஏற்ற தொழிலா?

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூடுவது வழக்கம். தந்தையார் சாய்வுநாற்காலியில் அமர்ந்திருப்பார். தாயார் கதவோரம் நிற்பார். அம்மான் ஒருவரோ பெரிய தந்தையாரோ வந்து சேர்ந்துகொள்வார். பரீட்சை எழுதியவள் மகள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் மிகச் சிறந்த சித்தி பெற்றிருக்கிறாள். உயர்தர வகுப்பில் அவள் எப்பிரிவில் சேர்வது என்பதே அங்கு எழும் வினா. உயிரியற் பிரிவு எனின் மருத்துவராகலாம். கலைப் பிரிவு எனின் ஆசிரியையாகலாம். இவ்விரண்டுமே பெண்பிள்ளைக்குத் தகுந்தவை என்று பெரியோர் ஒருமுகமாகச் சொல்லுவர். அவளோ தயங்கித் தயங்கிக் கணிதப் பிரிவிற் சேர்ந்து பொறியியல் படிக்க விரும்புவதாகக் கூறுவாள். உடனே கூட்டத்தில் ஓர் அமைதி நிலவும். வெயிலிலும் மழையிலும் வேலைத்தலத்தில் நிற்கவேண்டுமே என்பார் ஒருவர். தூர இடத்துக்கு மாற்றம் வந்தால் என்ன செய்வது என்பார் மற்றொருவர். மணம் பேசும்போது இதனால் இடையூறு நேருமோ என்று தாயார் மனத்துக்குள் எண்ணுவார்.

இக்கூட்டம் அரைமணி நேரத்தில் கலைந்துவிடும். ஆயின் அங்கே செய்யப்படும் முடிவு அப்பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் தொடர்ந்து வரும். பதினாறு வயதில் இணைந்த கணிதத்தைக் கைவிட்டவள் பின்னொருநாள் பொறியியற்பீடத்தின் வாயிலை மிதிப்பது மிக அரிது. ஆகவே, பெண்ணொருத்தி பொறியியலைத் தொழிலாகக் கொள்ளுதல் நன்மை தருமா என்னும் வினாவை அச்சத்தாலும் ஆர்வத்தாலும் அல்லாமல், நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது பெற்றோர் ஒவ்வொருவருடைய கடனாகும்.

முதற்கண் பொறியியல் என்பது யாது என்று தெளிதல் வேண்டும். பொறியியலாளர் என்றதும் இரும்பையும் கல்லையும் தூக்குபவர், இயந்திரத்தோடு மல்லாடுபவர் என்ற எண்ணமே பலருக்குத் தோன்றுகின்றது. இஃது உண்மைக்கு மாறானது. நம் கண்முன்னே உள்ள குளமொன்றை எடுத்துக்கொள்வோம். வன்னியிலோ மட்டக்களப்பிலோ புதிதாக ஒரு குளம் கட்டவேண்டும் எனின், அதற்கு முன் விடைகாண வேண்டிய வினாக்கள் பல. எவ்வளவு நிலப்பரப்பில் விழும் மழை அக்குளத்தை வந்தடையும்? வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே ஒரே நாளிற் பெருமழை பொழிந்தால் எவ்வளவு வெள்ளம் வரும்? அவ்வெள்ளம் அணைக்கட்டின் மேலாக வழிந்தால் மண் அரிக்கப்பட்டு அணை உடைந்துவிடும். அதைத் தடுக்க வான் எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும்? அணையினூடாகக் கசியும் நீர் நுண்ணிய மண்துகள்களைச் சிறிது சிறிதாக அள்ளிச் சென்றால், வெளியே தெரியாமல் உள்ளே துளை விழும். அதைத் தவிர்க்க எவ்வகை மண்ணை எவ்வளவு இறுக்கமாக இடவேண்டும்? கடைசி வயலுக்கும் நீர் பாயவேண்டும் எனின் துருசு எம்மட்டத்தில் அமைதல் வேண்டும்?

இவற்றுள் எந்த வினாவுக்கும் தோள்வலிமை விடை தருவதில்லை. மழையளவுப் பதிவுகளைப் படித்தல், நிலத்தை அளத்தல், மண்ணைச் சோதித்தல், கணக்கிடுதல், வரைபடம் வரைதல், வரைந்தபடி வேலை நடக்கிறதா என்று பார்த்தல் ஆகியவையே பொறியியலாளரின் பணி. மண் சுமப்பதை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. குடிசார் பொறியியலுக்குக் கூறிய இவ்வுண்மை மின்பொறியியல், இயந்திரப் பொறியியல், இலத்திரனியல், கணினிப் பொறியியல் ஆகிய மற்றைத் துறைகளுக்கும் பொருந்தும். நுணுகி நோக்கும் கண்ணும், எண்ணிலே தவறு விடாத பொறுமையும், பிழை கண்டவிடத்து அதை மறைக்காத நேர்மையும் இத்தொழிலுக்கு வேண்டிய தகுதிகள். இவற்றை ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் இயற்கை பிரித்துக் கொடுக்கவில்லை.

இதற்குச் சான்று தேடிச் சோர வேண்டியதில்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திற்குச் சற்று முன்னர், இங்கிலாந்தின் வீதிகளில் மின்வில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு காபன் கோல்களுக்கிடையே பாயும் மின்னோட்டத்தால் அவ்விளக்குகள் ஒளி தந்தன, ஆயின் அவை சீறும், ஒளி தளும்பும். காபன் கோலின் நுனியில் உண்டாகும் குழிக்குள் காற்றிலுள்ள ஒட்சிசன் புகுவதே அச்சீறலுக்குக் காரணம் என்று சோதனைகளால் நிறுவியவர் ஹேர்த்தா அயர்ட்டன் என்னும் பெண்மணி. 1899 ஆம் ஆண்டில் மின்பொறியியலாளர் நிறுவகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. அங்ஙனம் ஏற்கப்பட்ட முதற் பெண் அவரே. ஆயின் 1902 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்புரிமைக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை எனக்கூறி அச்சங்கம் மறுத்துவிட்டது. நான்கு ஆண்டுகளின் பின் அதே சங்கம் அவருடைய ஆராய்ச்சிக்காக ஹியூஸ் பதக்கத்தை வழங்கியது. அவர்தம் அறிவை மதித்த சபை அவருக்கு இருக்கை தர மறுத்த விந்தையை இங்கே காண்கிறோம்.

இரண்டாம் உலகப்போரின்போது நிகழ்ந்த மற்றொரு செய்தியும் நினைவுகொள்ளத் தக்கது. பிரித்தானியப் போர்விமானங்கள் மூக்கைத் தாழ்த்தித் திடீரெனக் கீழே பாயும்போது, காபுரேற்றரில் எரிபொருளின் ஒழுங்கு குலைந்து எஞ்சின் சில கணம் நின்றுவிடுவதுண்டு. எதிரியின் விமானங்களுக்கு இக்குறை இல்லை. ஆகவே அச்சில கணங்கள் விமானியின் உயிரையே கவர வல்லவையாயின. பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர், எஞ்சினுக்கு உச்ச நிலையில் வேண்டிய அளவு எரிபொருளை மாத்திரம் செல்லவிடும் துளையோடு கூடிய சிறியதொரு பித்தளைத் துண்டை வடிவமைத்தார். 1941 ஆம் ஆண்டிலே அவரும் அவருடைய சிறு குழுவினரும் விமானத்தளம் விமானத்தளமாகச் சென்று அதைப் பொருத்தினர். நிலையான தீர்வு கிடைக்கும்வரை அத்துண்டே விமானிகளைக் காத்தது.

இவர்கள் மேனாட்டார், நம் குடும்ப வாழ்க்கை வேறு என்று சிலர் கூறலாம். அன்னோர் அறியவேண்டிய வரலாறு நமக்கு அணித்தாக உள்ள சென்னையில் நிகழ்ந்தது. தெலுங்கு பேசும் குடும்பமொன்றில் 1919 ஆம் ஆண்டிற் பிறந்த லலிதாவுக்குப் பதினைந்து வயதில் மணம் நடந்தது. பதினெட்டு வயதில் அவர் கணவரை இழந்தார். அப்போது கையிலே நான்கு மாதக் குழந்தை. அக்காலத்தில் இளம் விதவையின் எதிர்காலம் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. லலிதாவோ மீண்டும் படிக்கத் துணிந்தார். மருத்துவம் படிப்பதா, பொறியியல் படிப்பதா என்ற வினா எழுந்தபோது, நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையைத் தனியே விட்டுச் செல்ல நேரும் என்பதனால் மருத்துவத்தை அவர் விலக்கினார் என்று அவருடைய குடும்பத்தார் பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளனர். பெண்ணுக்கு ஏற்றது மருத்துவமே, பொறியியல் அன்று என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை, தாயாகிய ஒருத்தி தன் குழந்தையை முன்வைத்து மறுதலையாக எண்ணினார் என்பது கருதத்தக்கது.

அவர் தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அதுவரை அக்கல்லூரியில் பெண் எவரும் பயின்றதில்லை. தந்தையார் அதிபர் சாக்கோவிடம் பேசினார். அதிபரும் மேலிடத்து அனுமதியைப் பெற்றுக்கொடுத்தார். 1940 ஆம் ஆண்டில் லலிதா மின்பொறியியல் வகுப்பிற் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர் நடுவில் அவர் தனித்திருத்தல் ஆகாது எனக் கல்லூரி மேலும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. லீலம்மா ஜோர்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் குடிசார் பொறியியலில் வந்து சேர்ந்தனர். மூவரும் பட்டம் பெற்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண்ணொருத்தி அதைப் பெறுவாள் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. அச்சொல்லைப் பேனாவால் வெட்டிப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தனர்.

லலிதா ஜமால்பூர் இரயில்வே வேலைத்தலத்திற் பயிற்சி பெற்றார். 1948 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் இருந்த மின்பொறியியற் கம்பனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவிற் சேர்ந்தார். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் கம்பிவழிகளையும் உப மின்நிலையங்களையும் திட்டமிடுவது அவர் பணியாயிற்று. பக்ரா நங்கல் அணைத்திட்டத்தின் மின்பிறப்பாக்கிகளுக்கான வேலையிலும் அவர் பங்குகொண்டார். 1964 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நடைபெற்ற பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மாநாட்டுக்குச் சென்று கலந்துகொண்டார். அவரோடு பயின்ற திரேசியா 1971 ஆம் ஆண்டிலே கேரள மாநிலப் பொதுவேலைத் துறையின் தலைமைப் பொறியியலாளர் பதவியை எய்தினார்.

இவ்வரலாற்றிலே நாம் கவனிக்கவேண்டியது யாது? லலிதாவின் திறமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயின் திறமை மாத்திரம் அவரை அந்த இடத்துக்குக் கொண்டு சேர்த்துவிடவில்லை. மகளுக்காகப் பரிந்து பேசத் தந்தையார் ஒருவர் இருந்தார். வழமையை மீறி வாயிலைத் திறக்க அதிபர் ஒருவர் இருந்தார். தாய் வேலைக்குச் சென்றபோது குழந்தையை அன்போடு பேணி வளர்க்க உடன்பிறந்தாரின் குடும்பம் இருந்தது. ஊர் ஊராகச் செல்லவேண்டிய வேலையை விடுத்து, ஓரிடத்திலிருந்து செய்யக்கூடிய வடிவமைப்பு வேலை கிடைத்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அவர் வாழ்க்கை வேறு வழியிற் சென்றிருக்கக்கூடும். ஆகவே ஒரு பெண்ணைப் பொறியியலாளராக்குவது அவள் அறிவோடு அவளைச் சுற்றியுள்ளோரின் ஏற்பாடுமாகும்.

நம் நாட்டு வரலாறும் இதையொத்ததே. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 1950 ஆம் ஆண்டிலே கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் பேராதனைக்கு மாற்றப்பட்டது. பீடம் தொடங்கிப் பத்தாண்டுகள் சென்றபின், 1960 ஆம் ஆண்டிலே பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை என்னும் தமிழ் மாணவி அதிற் சேர்ந்தார். 1964 ஆம் ஆண்டிலே பட்டம் பெற்று, பிற்காலத்திற் பிரேமளா சிவசேகரம் என அறியப்பட்ட அவரே இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர். இன்று பேராதனை, மொறட்டுவை, காலி, ஒலுவில், கிளிநொச்சி ஆகிய இடங்களிலெல்லாம் பொறியியற்பீடங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் பெண்கள் பயில்கின்றனர். எனினும் அவர்கள் தொகை ஆண்களின் தொகையை எட்டவில்லை. மருத்துவ பீடங்களிலும் கலைப்பீடங்களிலும் பெண்கள் நிறைந்திருக்க, பொறியியற்பீடங்களில் மாத்திரம் குறைந்திருப்பதற்கு அறிவுக்குறை காரணமாக இருத்தல் இயலாது. காரணம், தொடக்கத்திற் கூறிய அந்த வீட்டுக் கூட்டத்திலும், கணிதப் பிரிவே இல்லாத பாடசாலைகளிலும் இருக்கிறது.

இனி, பெற்றோர் கூறும் தடைகளைப் பொய்யென்று தள்ளிவிடுதல் முறையன்று. அவற்றுள் உண்மையும் உண்டு. குடிசார் பொறியியலாளர் வேலைத்தலத்தில் நிற்கவேண்டும் என்பது மெய். பல வேலைத்தலங்களிலே பெண்களுக்கென ஒழுங்கான மலசலகூடம்கூட அமைக்கப்படுவதில்லை என்பதும் மெய். தன்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த மேற்பார்வையாளரும் மேசன்மாரும் இளம்பெண்ணின் கட்டளையை முதலில் ஐயுறுவர். ஆண் பொறியியலாளர் ஒருமுறை சொன்னால் ஏற்கப்படுவதை அவள் இருமுறை நிறுவிக்காட்ட வேண்டியிருக்கும். குழந்தை பிறந்த காலத்தில் சில ஆண்டுகள் வேலையை விட்டு நின்றால், அதற்குள் தொழில்நுட்பம் முன்னே சென்றுவிடும். திரும்பி வருவோருக்கு உடன்பயின்றோர் மேற்பதவியில் இருப்பர். இவையெல்லாம் அறிந்தே இத்தொழிலில் இறங்கவேண்டும்.

ஆயின் இத்தடைகளை உற்றுநோக்கின், ஒன்றேனும் தொழிலின் இயல்பிலிருந்து பிறந்ததன்று என்பது புலனாகும். மலசலகூடம் அமைப்பது ஒப்பந்தகாரரின் பொறுப்பு. இடமாற்றத்தை முறையாகத் திட்டமிடுவது திணைக்களத்தின் பொறுப்பு. குழந்தையைப் பேணுவதிற் பங்குகொள்வது கணவரின் பொறுப்பு. தாதியாகப் பணிபுரியும் பெண் இரவிலே கடமைக்குச் செல்கிறாள். ஆசிரியை தூரக் கிராமத்துக்கு மாற்றம் பெற்றுச் செல்கிறாள். தேயிலைத் தோட்டத்திலே பெண்கள் மழையிலும் வெயிலிலும் மலைச்சரிவில் நின்று உழைக்கின்றனர். அங்கெல்லாம் பெண்ணின் உடலுக்கு ஒவ்வாது என்று சொல்லாத நாம், பதவியும் சம்பளமும் உயர்ந்த ஒரு தொழிலைக் குறித்து மாத்திரம் அவ்வாறு சொல்லுதல் ஏன் என்பதைச் சிந்திக்க வேண்டும். மேலும், பொறியியல் கற்றோர் யாவரும் வெளியிலே நிற்பவர் அல்லர். வடிவமைப்பு அலுவலகம், சோதனைக்கூடம், நீர்த்தர ஆய்வு, மென்பொருள் ஆக்கம், கற்பித்தல் எனக் கிளைகள் பல உள. அரசாங்க சேவையில் ஒரே பதவிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளத்திட்டமே உண்டு.

இத்தொழிலால் பெண்ணுக்கு உண்டாகும் நன்மையைப் போலவே, பெண்ணால் இத்தொழிலுக்கு உண்டாகும் நன்மையும் கருதற்பாலது. மோட்டார் வாகனம் மோதும்போது பயணியின் உடலுக்கு என்ன நேரும் என்பதை அறிய, மனித உருவான பொம்மைகளை ஆசனத்தில் அமர்த்திச் சோதிப்பர். நெடுங்காலமாக அப்பொம்மைகள் சராசரி ஆணின் உயரத்துக்கும் நிறைக்கும் ஏற்பவே செய்யப்பட்டன. அவ்வளவுக்கு அமைந்த பாதுகாப்புச் சாதனம் சிறிய உடலுடைய பெண்ணை அதேயளவு காக்கவில்லை. தீங்கு செய்யவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. வரைபட மேசையைச் சுற்றி இருந்தோர் தம் உடலையே எல்லார் உடலாகவும் கருதிவிட்டனர். குழாய்நீர் எத்தனை மணிக்கு வரவேண்டும், அடுப்பின் புகை எவ்வழியே போகவேண்டும், வீதிவிளக்கு எந்த ஒழுங்கைக்கு முதலில் வேண்டும் என்பனவும் பொறியியல் வினாக்களே. நீரைச் சுமப்பவரும் புகையை உட்கொள்பவரும் இருளில் நடக்க அஞ்சுபவரும் பெரும்பாலும் பெண்களாயிருக்க, அவ்வினாக்களுக்கு விடை வரையும் இடத்திலே பெண் இல்லாதிருத்தல் பொருத்தமாகாது.

அவ்வாறாயின் பெண்பிள்ளைகள் யாவரையும் பொறியியலுக்கு அனுப்புதல் வேண்டுமா? வேண்டியதில்லை. எண்ணிலே விருப்பமில்லாத பெண்ணைப் பெருமைக்காகக் கணிதப் பிரிவிற் சேர்ப்பது, இரத்தத்தைக் கண்டு மயங்குபவளை மருத்துவத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். பழுதடைந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பார்ப்பவள், கணக்கின் விடையோடு நில்லாமல் அஃது ஏன் அவ்வாறு வந்தது என்று கேட்பவள், பாலத்தைக் கடக்கும்போது அது எவ்வாறு நிற்கிறது என்று வியப்பவள் ஆகிய பெண்ணே இத்துறைக்கு உரியவள். அத்தகையவளுக்குப் பொறியியல் தக்கதொரு தொழில். அவள் வாழ்நாளைப் பொருளுடையதாக்கும் தொழிலுமாகும்.

அவளுக்குப் பெற்றோர் செய்யவேண்டியவை சில. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிலேயே கணிதத்தில் ஊக்கம் குன்றாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்தர வகுப்பிலே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் கற்க வசதியுள்ள பாடசாலையைத் தேடவேண்டும். கணிதப் பிரிவு ஆண்கள் பாடசாலையில் மாத்திரம் உள்ள ஊர்களில், பெண்களுக்கும் அதைத் திறந்துவிடுமாறு பெற்றோர் கூடிக் கேட்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்காவிடினும் வழி அடைபட்டுவிடுவதில்லை. திறந்த பல்கலைக்கழகத்திலே வேலை செய்துகொண்டே பொறியியற் பட்டம் பெறலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளிலே டிப்ளோமாப் பயிற்சிகள் உண்டு. இயலுமாயின் அயலிலுள்ள நீர்ப்பாசன அலுவலகத்துக்கோ மின்நிலையத்துக்கோ மகளை ஒருநாள் அழைத்துச் சென்று, அங்குள்ளோர் செய்யும் வேலையை அவள் கண்ணாற் காணச் செய்தல் நூறு அறிவுரைகளிலும் மேலானது.

மகளின் விருப்பத்தைக் கேட்டதும் எழும் முதல் வினா, அவளால் இயலுமா என்பதாகவே பெரும்பாலும் இருக்கின்றது. அவ்வினாவுக்கு லலிதாவும் திரேசியாவும் பிரேமளாவும் விடை கூறிவிட்டனர். இனி எஞ்சியிருப்பது, அவளுக்காக வீட்டார் எதனைச் செய்ய ஆயத்தமாயிருக்கிறார்கள் என்னும் வினாவே. அடுத்த முறை பெறுபேறுகள் வெளிவந்து, சாய்வுநாற்காலியைச் சுற்றிப் பெரியோர் கூடும்போது, கதவுக்குப் பின்னால் நிற்கும் அப்பெண்ணை உள்ளே அழைத்து உட்காரவைத்து, இந்த வினாவிலிருந்து அவர்கள் தம் ஆலோசனையைத் தொடங்குவார்களாக.